குருதி கொடுக்கும் உள்ளம்

தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களையும் தன்னகத்தே கொண்டது நாஞ்சில் நாடு. பழையாற்று நீர் பாய்ந்து வளஞ்செய்யும் அந்நாட்டுக்குச் சங்க காலத்தில் தலைவனாய் விளங்கியவன் நாஞ்சில் வள்ளுவன். அவனுடைய கொடையைப் பற்றி ஔவையார் பாடிய பாட்டொன்று புறநானூற்றில் உள்ளது. விறலியர் கொல்லையிலே கீரை பறித்து வைத்திருந்தனர். அதன்மேல் தூவிச் சமைப்பதற்குச் சிறிதளவு அரிசி வேண்டியிருந்தது. அவ்வரிசியை வள்ளுவனிடம் கேட்டனர். அவனோ கேட்டவரது தேவையின் அளவை நோக்கவில்லை. தன் பெருமையின் அளவை நோக்கினான். குன்றுபோன்ற யானை ஒன்றையே கொடுத்துவிட்டான். இப்படியும் தெளிவில்லாத ஈகை உலகில் உண்டோ, பெரியவர்கள் முறையறிந்து கொடுக்க மாட்டார்களோ என்று ஔவையார் அவனைக் கடிந்துகொள்கிறார். கடிவதுபோலப் புகழ்வது தமிழ்ப் புலவர்க்குக் கைவந்த கலை.

அரிசி கேட்டவர்க்கு யானை கொடுக்கத் தூண்டியது எது? தன் பெருமை பற்றிய எண்ணமே என்பது ஔவையார் வாக்கிலிருந்து பெறப்படும் விடை. பொதியமலைத் தலைவனாகிய ஆய் அண்டிரனைப் பாடிய உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் வேறொரு விடை கூறுகிறார். இப்பிறவியில் கொடுத்தால் மறுபிறவியில் பயன் வந்து சேரும் என்று கணக்கிட்டு, அறத்தை விலைகூறி விற்கும் வணிகன் அல்லன் ஆய். தனக்கு முன்னிருந்த பெரியோர் நடந்த வழி இது என்று கண்டு, அவ்வழியே அவனும் நடந்தான். அவ்வளவே என்பது அப்புலவர் கருத்து. கொடையின் தோற்றுவாய் எது என்னும் ஆராய்ச்சி தமிழர்க்குப் புதியதன்று என்பது இவ்விரு பாட்டுகளாலும் விளங்கும்.

அவ்வாராய்ச்சிக்கு இன்று புதியதொரு களம் வாய்த்திருக்கிறது. நாகர்கோவிலை அடுத்த ஆசாரிப்பள்ளத்தில் 2001ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதனைச் சார்ந்த மருத்துவமனைக்கு மகப்பேற்றில் மிகுதியாகக் குருதி இழந்த தாய் வருகிறாள். நெடுஞ்சாலையில் அடிபட்ட இளைஞன் வருகிறான். புற்றுநோய்க்கு மருத்துவம் பெறும் முதியவர் வருகிறார். இவர்கள் எல்லார்க்கும் வேண்டுவது குருதி. நெல்லை வயலில் விளைவிக்கலாம். மருந்தை ஆலையில் செய்யலாம். குருதியை விளைவிக்கும் வயலும் இல்லை. செய்யும் ஆலையும் இல்லை. மனிதன் உடம்பிலிருந்துதான் மனிதனுக்கு அது வர வேண்டும். ஆகவே, 'ஒருவன் ஏன் கொடுக்கிறான்?' என்னும் வினா இங்குப் புலவர் ஆராயும் வினாவாக மட்டும் நின்றுவிடவில்லை. அதற்கு விடை தெரிந்தாலன்றி அடுத்த வாரம் அறுவை நடைபெறுமா என்பதைச் சொல்ல இயலாது.

முதலில் உறவுப் பாசத்தைக் காண்போம். தந்தைக்கு அறுவை என்றதும் மகன் கையை நீட்டுகிறான். இஃது இயற்கை. ஆயினும் மருத்துவமனைத் தாழ்வாரங்களில் வேறொரு காட்சியும் உண்டு. "இரண்டு பேர் வேண்டும்" என்று செவிலி கூறியவுடன் உடன்பிறந்தார் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்குவர். ஒருவருக்குத் தலைசுற்றல் நினைவுக்கு வரும். மற்றொருவருக்கு அவசர வேலை நினைவுக்கு வரும். நோயாளிக்குப் பாலும் பழமும் வாங்கி வரும் கைகளே ஊசியைக் கண்டதும் பின்வாங்கும். பாசம் குறைந்ததனால் அன்று. அச்சம் மிகுந்ததனால் நிகழ்வது இது.

இந்த மாவட்டத்தார்க்கு உறவுமுறைக் கொடை நன்கு பழகியது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் இப்பகுதி திருவிதாங்கூர்-கொச்சியைச் சார்ந்திருந்தமையால், பெருநோய்க்கு மருத்துவம் தேடித் திருவனந்தபுரம் செல்வது இன்றும் மாறாத வழக்கமாய் உள்ளது. அங்கே 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி உண்டு. இதய அறுவைக்குப் பெயர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உண்டு. 1981இல் தோன்றிய மண்டலப் புற்றுநோய் மையமும் உண்டு. அறுவைக்கு நாள் குறித்ததும் குடும்பத்தார் ஊரிலும் தெருவிலும் ஆள் தேடுவர். அண்ணன் மகன், அவன் தோழன், தோழனுடைய தோழன் என நால்வர் ஐவர் விடியற்காலையில் வண்டியேறி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் சென்று, கொடுத்துவிட்டு மாலையில் திரும்புவர். இது போற்றத்தக்க பழக்கந்தான். எனினும் இதனைக் கொடை என்பதைவிடக் கைம்மாற்று என்பதே பொருந்தும். வங்கியிலிருந்து ஒரு பை எடுத்தால் ஒரு பை வைக்க வேண்டும் என்னும் கணக்கு அதில் இருக்கிறது. ஆள் பலம் உடையவன் கணக்கைத் தீர்த்துவிடுவான். ஆளற்றவன் என் செய்வான்? தமிழகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிக்கு இங்கே அண்ணன் மகனும் இல்லை, தோழனும் இல்லை. 2002ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற இந்திய அரசின் குருதிக் கொள்கை, ஈடாகக் கொடுக்கும் இம்முறையைப் படிப்படியாக நீக்க வேண்டும் என்று கூறுவதன் காரணம் இதுவே.

ஆள் இல்லாதவன் முன்னாளில் பணத்தைத் தேடினான். பெருநகர மருத்துவமனைகளின் வாயில்களில் குருதி விற்போர் காத்து நின்ற காலம் ஒன்று இருந்தது. வறுமையே அவர்களை அங்குக் கொணர்ந்து நிறுத்தியது. அவர்களைப் பழிப்பது அறமாகாது. ஆனால் பணத்துக்காகக் கொடுப்பவனுக்கு உண்மையை மறைக்க வேண்டிய கட்டாயம் நேர்கிறது. 'காய்ச்சல் கண்டதுண்டா? மஞ்சட்காமாலை வந்ததுண்டா? முன்பு எப்போது கொடுத்தாய்?' என்று மருத்துவர் கேட்கும்போது, உண்மை சொன்னால் அன்றைய உணவு போய்விடும். 1986ஆம் ஆண்டில் சென்னையில் எச்.ஐ.வி. கிருமித் தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்ட பிறகு இந்த மறைப்பின் கொடுமை நாட்டுக்குப் புலனாயிற்று. உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அளித்த தீர்ப்பின் வழியே, 1998 சனவரி முதல் நாள் தொட்டுக் குருதி விற்பனை இந்தியாவில் தடுக்கப்பட்டது.

இன்று எடுக்கப்படும் ஒவ்வொரு பையிலும் எச்.ஐ.வி., இருவகைக் கல்லீரல் அழற்சி, மேகநோய், மலேரியா ஆகியவற்றிற்குச் சோதனை செய்கின்றனர். இருப்பினும் தொற்று ஏற்பட்ட முதற்சில நாட்களில் எந்தச் சோதனைக்கும் கிருமி சிக்காமற்போவது உண்டு. அந்நாட்களில் நோயாளிக்குக் காவலாய் நிற்பது கொடுப்பவனுடைய வாய்மை ஒன்றே. விலை நுழைந்த இடத்தில் வாய்மை வெளியேறும் என்பதனை ஆங்கில நாட்டு அறிஞர் இரிச்சர்டு டிட்மசு 1970ஆம் ஆண்டில் எழுதிய நூலில் விரித்துரைத்தார். அறத்தை விலைகூறும் வணிகனைப் பற்றி முடமோசியார் நெடுங்காலத்துக்கு முன்பே பாடிவைத்தது எண்ணத்தக்கது.

பாசமும் பணமும் ஒருபுறம் இருக்கத் தமிழகத்துக்கே உரிய தூண்டுதல் ஒன்றுண்டு. அது பிறந்தநாள். அரசியல் தலைவர் பிறந்தநாள், திரைப்பட நடிகர் பிறந்தநாள் என்றால் பந்தலும் ஒலிபெருக்கியும் போலவே குருதிக்கொடை முகாமும் இடம்பெறுகிறது. கமல்ஹாசன் தம் இரசிகர் மன்றங்களை நற்பணி மன்றங்களாக மாற்றிக் குருதிக்கொடையில் ஈடுபடுத்தியது பலரும் அறிந்த செய்தி. சமய அமைப்புகளும் இளைஞர் சங்கங்களும் இவ்வாறே முகாம் நடத்துகின்றன. 1969ஆம் ஆண்டில் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டத்தின் வழியே கல்லூரி மாணவர் திரளாக வந்து கொடுக்கின்றனர். இவற்றைக் கண்டு முகஞ்சுளிப்பவர் உண்டு. 'சான்றிதழுக்காகக் கொடுக்கிறான், படம் பிடித்துக்கொள்ளக் கொடுக்கிறான், நடிகனுக்காகக் கொடுக்கிறான்' என்று அவர்கள் ஏளனம் செய்வர். அவ்வேளனம் தகாது. நாஞ்சில் வள்ளுவன் தன் பெருமை கருதி யானை கொடுத்தான் என்பதற்காக ஔவையார் அந்த யானையை வேண்டாம் என்றாரா? புகழ் விரும்பிக் கொடுத்த குருதியும் மகப்பேற்றில் தளர்ந்த தாயின் உடலில் ஏறி உயிர் காக்கத்தான் செய்கிறது. பிறந்தநாள் முகாமில் குறை காண்பவர்களுள் பலர் ஒருமுறையும் கொடுத்திராதவர் என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கலாம்.

குறை வேறோரிடத்தில் உள்ளது. தலைவர் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒருமுறை வரும். குருதியின் ஆயுளோ மிகக் குறுகியது. பிரித்தெடுத்த சிவப்பணுக்களைக் குளிர்பெட்டியில் 35 நாட்கள், சிறப்பான கரைசல் சேர்த்தால் 42 நாட்கள் வரையில் காக்கலாம். தட்டணுக்களின் ஆயுள் ஐந்தே நாள். ஒரே நாளில் இருநூறு பேர் கொடுத்துவிட்டு அடுத்த ஆண்டு வரையில் மறந்திருந்தால், முதல் மாதம் வங்கி நிரம்பி வழியும். மூன்றாம் மாதம் வறண்டு கிடக்கும். கோடை விடுமுறையில் கல்லூரிகள் மூடிய பின்னர் வங்கிகள் தட்டுப்பாட்டில் வாடுவது ஆண்டுதோறும் காணும் நிகழ்ச்சி. 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள் அமெரிக்காவில் கொடிய தாக்குதல் நடந்தபோது, நெஞ்சம் துடித்த மக்கள் பெருந்திரளாக வரிசையில் நின்று குருதி கொடுத்தனர். பிழைத்தவர்க்குத் தேவைப்பட்டதோ சிறிதளவே. மிஞ்சியதில் பெருமளவு காலங்கடந்து வீணாயிற்று. இரக்கம் வெள்ளமாகப் பாய்ந்தது. குருதி வங்கிக்கு வேண்டியதோ வாய்க்கால். பழையாற்று நீரை ஒரே நாளில் வயலில் பாய்ச்சிவிட்டு எஞ்சிய நாட்களில் மடையை அடைத்து வைக்கும் உழவன் நாஞ்சில் நாட்டில் எவனும் இலன்.

ஆகவே வங்கி எதிர்நோக்குவது மறுமுறை வருபவனை. முதன்முறை அவனை உறவு அழைத்திருக்கலாம். நண்பன் இழுத்து வந்திருக்கலாம். நடிகன் பெயர் கவர்ந்திருக்கலாம். மூன்று திங்கள் கழித்து யாரும் அழையாமல், யாருடைய பெயரும் சொல்லாமல், தானாகப் படியேறி வருகிறானே, அவனைக் கொணர்ந்தது எது? அவன் உள்ளத்தில் நிகழ்ந்த மாற்றத்தை ஆராய்ந்தால் பெரும்பாலும் இரண்டு செய்திகள் தெரியவரும். 'இவ்வளவுதானா!' என்னும் வியப்பு ஒன்று. தன்னால் ஒருவர் பிழைத்திருப்பார் என்னும் நிறைவு மற்றொன்று.

வியப்புக்குக் காரணம் உண்டு. மனித உடலில் ஏறத்தாழ ஐந்து லிட்டர் குருதி ஓடுகிறது. எடுக்கப்படுவது 350 மில்லிலிட்டர். 55 கிலோவுக்கு மேல் எடையுள்ளவரிடம் 450 மில்லிலிட்டர் எடுப்பதும் உண்டு. இழந்த நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அணுக்கள் சில வாரங்களில் நிறையும். ஆயினும் ஆடவர் 90 நாட்களும் பெண்டிர் 120 நாட்களும் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. கிணற்று நீர் இறைக்க ஊறும் என்பதனை அறிந்த மக்களே குருதி மட்டும் குறைந்தால் குறைந்ததுதான் என்று அஞ்சுவது விந்தை. "உள்ள இரத்தத்தையும் கொடுத்துவிட்டு எப்படி நடமாடுவாய், மக்களே?" என்று பேரனைத் தடுக்கும் பாட்டியார் இந்த மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றனர். அவர்களுடைய அச்சம் அன்பிலிருந்து பிறந்தது. அதனை ஏளனத்தால் போக்க முடியாது. கொடுத்துவிட்டு வந்த பேரன் மறுநாள் வழக்கம்போல வயலுக்கோ அலுவலுக்கோ செல்வதைக் கண்ணால் கண்ட பிறகே அவ்வச்சம் தீரும்.

அச்சத்தை வென்றவரைக் கூறும்போது ஆத்திரேலிய நாட்டு ஜேம்சு ஆரிசனைக் குறிப்பிடாதிருத்தல் முறையன்று. 1951ஆம் ஆண்டில், 14 வயதுச் சிறுவனாக இருந்தபோது, அவருக்கு மார்பில் பெரிய அறுவை நிகழ்ந்தது. முன்பின் அறியாத பலர் கொடுத்த குருதியால் அவர் பிழைத்தார். தமக்கும் உரிய வயது வந்ததும் கொடுப்பது என உறுதி பூண்டார், 1954இல் தொடங்கினார். அவருடைய குருதிநீரில் அரியதோர் எதிர்ப்பொருள் இருந்தது. தாய்க்கும் கருவுக்கும் குருதிவகை மாறுபடுவதால் குழந்தைகள் இறப்பதைத் தடுக்கும் மருந்துக்கு அது பயன்பட்டது. சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்றிக்கொண்டு நீரை மட்டும் கொடுப்பதாயின் இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்க இயலும். அவ்வாறு 2018ஆம் ஆண்டு வரையில் 1,173 முறை கொடுத்தார். 2025ஆம் ஆண்டு தம் 88ஆம் வயதில் மறைந்தார். இத்தனை முறை கொடுத்தவர்க்கு ஊசி என்றால் அச்சம்! ஒருமுறையேனும் ஊசி தோலில் இறங்குவதை அவர் நோக்கியதில்லையாம். முகத்தைத் திருப்பிக்கொண்டே கையை நீட்டினார். அவரைத் தூண்டியது நன்றியுணர்வு. ஆனால் தமக்குக் கொடுத்தவர் யார் என்பது அவருக்குத் தெரியாது. அந்நன்றியை அறியாத குழந்தைகளுக்குச் செலுத்தினார். வாங்கிய இடத்தில் திருப்பிச் செலுத்தாமல் வேறிடத்தில் செலுத்தும் இக்கடனைத்தான் வள்ளுவர் ஒப்புரவறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துப் போற்றினார் போலும்.

அறியாதவர்க்குக் கொடுத்தல் என்பது நாஞ்சில் நாட்டில் தனிப்பொருள் உடையது. திருவிதாங்கூர் ஆட்சியில் மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையே இத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்று அளவு வகுத்திருந்தனர். சுசீந்திரத்தில் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926ஆம் ஆண்டில் அறப்போர் நிகழ்த்த வேண்டியிருந்தது. 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் வெளிவந்த கோயில் நுழைவுப் பறைசாற்றலுக்குப் பிறகே எல்லார்க்கும் கதவு திறந்தது. அருகில் வரலாகாது என்று விலக்கப்பட்டவனுடைய பேரனின் குருதி, விலக்கியவனுடைய பேரனின் உடலில் இன்று ஓடுகிறது. ஓடுவதை இருவரும் அறியார். கார்ல் லாண்ட்சிடைனர் என்னும் அறிஞர் 1901ஆம் ஆண்டில் குருதியை வகைப்படுத்தி வெளியிட்டபோது அவ்வகைகளுள் சாதி ஒன்றும் தென்படவில்லை. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவர் குருதி பொருந்தாதிருக்கலாம். குளச்சல் கடலில் வலைவீசுபவன் குருதி தோவாளைப் பூந்தோட்டக்காரனுக்குப் பொருந்தலாம். முன்பின் அறியாத இளைஞனையும் 'மக்களே' என்று அழைக்கும் நாவுடையவர்கள் இந்த மாவட்டத்துத் தாய்மார். அந்நாவுக்கு ஏற்ற செயல் இது.

இவ்விடத்தில் இலக்கணச் செய்தி ஒன்றையும் நினைத்தல் தகும். ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியர் வேறுபடுத்திக் கூறியுள்ளார். தாழ்ந்தோன் கேட்கும்போது 'ஈ' என்பான். ஒத்தவன் 'தா' என்பான். உயர்ந்தவன் 'கொடு' என்பான். குருதிக்கொடை என்னும் பெயரில் அமைந்திருப்பது மூன்றாவது சொல்லன்றோ! அப்படியாயின் இங்குக் கேட்பவனே உயர்ந்தவன் என்றாகிறது. படுக்கையில் நினைவின்றிக் கிடக்கும் ஒருவனிடம் கொடுத்தவன் பணிவை எதிர்பார்ப்பதற்கு இடமே இல்லை. பெயர் வைத்தவர் இவ்வளவும் எண்ணி வைத்தாரோ இல்லையோ, பெயர் பொருத்தமாக வாய்த்துவிட்டது.

கொடுக்கும் உள்ளம் இருந்தும் உடல் இடங்கொடாதவர் பலர் உண்டு. குருதியில் இரும்புச்சத்து சார்ந்த செம்பொருள் 100 மில்லிலிட்டருக்கு 12.5 கிராமாவது இருத்தல் வேண்டும். 2019 முதல் 2021 வரையில் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் குருதிச்சோகை உடையவர். கொடுக்க வந்த கல்லூரி மாணவியர் பலர் விரல் நுனியில் ஒரு துளி எடுத்துப் பார்த்ததும் திருப்பி அனுப்பப்படுகின்றனர். ஏமாற்றத்தோடு செல்லும் அவர்களிடம் விருப்பம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? வீட்டில் அனைவரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் பழக்கம் எங்குளதோ அங்குக் குருதி வங்கிக்கும் இழப்பு உளது. முருங்கைக் கீரைக்குப் பஞ்சமில்லாத நாட்டில் இந்நிலை வருந்தத்தக்கது.

பள்ளி மாணவர்க்கு இதில் என்ன பங்கு என்னும் வினா எழலாம். 18 வயது நிரம்பிய பின்னரே கொடுக்கலாம் என்பது சட்டம். ஆனால் முடமோசியார் கூறியதுபோல, முன்னோர் நடந்த வழியைக் காண்பவனே பின்னர் அவ்வழியில் நடக்கிறான். தந்தை மூன்று திங்களுக்கு ஒருமுறை கொடுத்துவிட்டு வருவதைப் பார்த்து வளரும் சிறுவனுக்குப் பதினெட்டாம் வயதில் தூண்டுதல் எதுவும் தேவைப்படுவதில்லை. வாக்களிக்கச் செல்வதுபோல இயல்பாகச் செல்கிறான். அண்ணனுக்கோ தந்தைக்கோ துணையாகச் சென்று, அருகில் நின்று பார்த்து வருவதற்கு வயது வரம்பு இல்லை.

அங்குக் காண்பது மிக எளிய காட்சி. எடை பார்த்தல், குருதியழுத்தம் அளத்தல், சில கேள்விகள், பத்து நிமிடப் படுக்கை, பின்னர் ஒரு குவளைப் பழச்சாறு, சிறிது ஓய்வு. நிறைந்த பையின்மேல் ஓர் எண், குருதி வகை, எடுத்த நாள், முடிவு நாள் ஆகியவை எழுதப்படுகின்றன. கொடுத்தவர் பெயர் அதில் இராது. பெறுபவர் படுக்கையருகே அப்பை தொங்கும் நேரத்தில் அவர் வடசேரியில் பேருந்து ஏறித் தம் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.